ஒன்றரைக் கண் ஊசி

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், நாள் பூராவும் நின்ற கால்கள்தானே. ஓர் ஊசியின் கதையைச் சொல்கிறேன். ஊசி சின்னது, அதைச் சுற்றி வளர்ந்த பகைதான் பெரியது. முடிகிறவரை யாரும் எழுந்து போய்விடாதீர்கள். பாதியில் போனால் தப்பான ஆள் மேல் கோபத்தை எடுத்துக்கொண்டு போவீர்கள்.

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு ஷூ கம்பெனி. பேர் வேண்டாம். அங்கே தையல் ஹாலில் எண்பது பெண்கள் வெளிநாட்டுக் குழந்தைகள் போடுகிற ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிறார்கள். தோலில் மண் ஒட்டக்கூடாது என்று செருப்பை எல்லாம் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ஷூ தைக்கிற ஹாலில் எண்பது பேரும் வெறுங்கால்.

போன வருஷம் தணிகைவேல் என்பவர் அங்கே ஹெச்.ஆர். ஆபீசராக வந்தார். வேலூர்க்காரர், முப்பது வயது இருக்கும். பாலிஷ் போட்ட ஷூவோடு ஹாலுக்குள் நடக்கிற ஒரே ஆள் அவர்தான். வந்த மாதமே ஹாலின் நீளத்துக்கு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட வைத்தார். காலை மணி அடித்ததும் எல்லோரும் கால் கட்டைவிரல் அந்தக் கோட்டைத் தொடும்படி வரிசையாக நிற்க வேண்டும். அதைப் போட்டோ எடுத்துச் சென்னை ஆபீசுக்கு அனுப்புவார். முகங்கள் அதில் வராது, கால்கள்தான். மெட்டி போட்ட விரல், நகப்பூச்சு பாதி உரிந்த விரல், சூடான பசை பட்டுக் கறுத்துப்போன விரல், எல்லாம் ஒரே நேர்கோட்டில்.

அப்புறம் வெள்ளைப் போர்டில் தினம் ஓர் ஆங்கில வாக்கியம் எழுதி விளக்குவார். ஒரு திங்கட்கிழமை எழுதியது, டோ தி லைன்.

"டோன்னா கால் விரல். லைன்னா கோடு. கோட்டுல விரலை வைன்னு அர்த்தம். அதாவது, மேல இருக்கறவங்க சொல்றபடி நடந்துக்கறது. எதிர்த்துப் பேசாம, எல்லாரும் ஒரே மாதிரி. இது எங்கேருந்து வந்தது தெரியுமா? அந்தக் காலத்து இங்கிலீஷ் கப்பல்ல, மேல்தளத்துல பலகைக்கும் பலகைக்கும் நடுவுல தார் பூசி அடைச்சிருப்பாங்க. நீளமா கறுப்புக் கோடு மாதிரி தெரியும். கேப்டன் பார்வையிட வந்தா, மாலுமிங்க எல்லாம் அந்தக் கோட்டுல வெறுங்கால் விரலை வெச்சு வரிசையா நிப்பாங்க. தப்பு பண்ணின பையனுங்கள அதே கோட்டுல பேசாம மணிக்கணக்கா நிக்க வைப்பாங்க. அப்படி வந்த வார்த்தை."

வரிசையின் கடைசியில் நின்ற அன்னம்மாள் கேட்டாள். தைத்து முடிந்ததைச் சரிபார்க்கிறவள் அவள், ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருந்தது.

"ஏன் சார், அவங்களுக்கும் செருப்ப வாசல்லயே வுட சொல்லிட்டாங்களா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. தணிகைவேலுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சிரித்தவர்களில் அம்சவேணியும் ஒருத்தி. நம் கதை இவளுடையது.

அம்சவேணி நாட்றம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். பதினோரு வருஷமாக அதே ஹால், அதே வரிசை மெஷின். அவள் தெருக்காரி சௌந்தர்யாவும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பதினோரு வருஷமும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். போன தீபாவளிக்கு முன்னால் சௌந்தர்யாவைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். தற்காலிகமாகத்தான், ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்றார்கள். அதற்குப் பிறகு பஸ்ஸில் "அக்கா" என்று கூப்பிடுகிறவள், ஹாலுக்குள் வந்ததும் "அம்சவேணி" என்று கூப்பிடத் தொடங்கினாள். அம்சவேணியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

அன்று மாலை வேலூரில் நர்சிங் படிக்கிற மகள் ரோஷினியிடம் போனில் பேசும்போது கப்பல் கதையைச் சொன்னாள்.

ரோஷினி அங்கிருந்தே தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அம்மா, அது எங்கேருந்து வந்துச்சுன்னு அவங்களுக்கே உறுதியாத் தெரியாதாம். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஓட்டப்பந்தயத்துல ஆரம்பக் கோடுன்னு சிலர் சொல்றாங்க. பார்லிமென்ட்ல ரெண்டு கட்சிக்கும் நடுவுல, கத்தி எட்டாத தூரத்துல போட்ட கோடுன்னு ஒண்ணு சுத்துது, அது சும்மா கதையாம். இன்னொண்ணு குத்துச்சண்டை. வெறுங்கையால குத்திக்கறவங்களுக்கு நடுவுல ஒரு கோடு கிழிப்பாங்களாம். கீழ வுழுந்தவன் எண்ணி முடிக்கறதுக்குள்ள எழுந்து வந்து கோட்டுல காலை வெச்சா, சண்டை இன்னும் இருக்குன்னு அர்த்தம். வரலன்னா தோத்துட்டான்."

"உங்க சார் இத சொல்லலியே," என்று ரோஷினியே கேட்டாள்.

"எங்க சாரு இல்லடி, அந்த ஹெச்.ஆரு. அவருக்கு எது தோதோ அத தானே சொல்லுவாரு."

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அம்சவேணியின் ஊசி உடைந்தது.

கண்ணுகளா, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நம் வீட்டுக் கை ஊசிக்குக் கண் பின்னால் இருக்கும். மெஷின் ஊசிக்குக் கண் நுனிக்குப் பக்கத்தில். அதனால் உடைந்தால் பெரும்பாலும் கண்ணிலேதான் உடையும். பாதிக் கண் மேல்துண்டோடு மெஷினில் நிற்கும், மீதிப் பாதி நுனியோடு எங்கேயோ தெறித்துவிடும். குழந்தைகள் ஷூவுக்குள் அந்த நுனி போய்விடக்கூடாது. அதற்காக ஷூ கம்பெனிகளில் ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் கையைத் தூக்க வேண்டும். துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஒரு ரிஜிஸ்டரில் முழு ஊசியாகச் சேர்த்து வைத்து டேப் ஒட்ட வேண்டும். தைத்தவள் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால், அந்த மேஜையில் அன்றைக்குத் தைத்த அத்தனையும் நிற்கும். ரிஜிஸ்டரில் பக்க எண் அச்சடித்திருக்கும், கிழிக்க முடியாது. ஷூ வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆள் வந்து மாதாமாதம் பார்ப்பார்.

அம்சவேணி கையைத் தூக்கினாள். மெக்கானிக் சர்தார் பாஷா காந்தத்தோடு வந்தார். மெஷினுக்கு அடியில், மேஜை மேல், அவள் மடியில், தரையில், எங்கேயும் நுனி இல்லை. ஊசியைக் கண்டுபிடிக்கிற பெரிய மெஷின் ஒன்று உண்டு. அது ஒரு வாரமாகப் படுத்துக் கிடந்தது. ரிப்பேருக்குச் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும். நான்கு மணிக்குக் கன்டெய்னர் கிளம்ப வேண்டும்.

சௌந்தர்யா மணியைப் பார்த்தாள். பன்னிரண்டரை. சர்தார் பாஷாவின் மேஜையில் பழைய உடைந்த துண்டுகள் போட்டு வைக்கிற தகர டப்பா இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, அதிலிருந்து ஒரு நுனியைப் பொறுக்கினாள். அவசரம். ரிஜிஸ்டரில் அம்சவேணியின் மேல்துண்டுக்குக் கீழே அதை வைத்து டேப்பை அழுத்தினாள்.

"கையெழுத்து போடுக்கா," என்றாள். ஹாலுக்குள் அக்கா என்றது அன்றைக்குத்தான்.

அம்சவேணி பார்த்தாள். மேல்துண்டில் பாதிக் கண். ஒட்டிய நுனியில் முழுக் கண். அந்த ஊசிக்கு ஒன்றரைக் கண் இருந்தது.

"இது என் ஊசி இல்லடி."

"தெரியும். போடு."

"நுனி எதுக்குள்ள இருக்குதோ தெரியாது. சின்னப் பசங்க காலு."

"இன்னாக்கா, உனக்கு மட்டும்தான் புள்ள இருக்கா? எனக்கு இல்லையா? இந்த லோடு நின்னா என் சூப்பர்வைசர் வேலை போச்சு. எனக்காகப் போடு."

அம்சவேணி பேனாவை எடுக்கவில்லை. அவளுக்கு ஒரு காரணம் இருந்தது, அந்த ஹாலில் அவளும் சௌந்தர்யாவும் மட்டுமே அறிந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இப்படி ஒரு நுனி அவளுடைய குதிகாலில் ஏறி, மூன்று வாரம் சீழ் வைத்தது. வேலூரில் கிழித்துத்தான் எடுத்தார்கள். அந்த மூன்று வாரமும் அவளைத் தோளில் தாங்கி பஸ் ஏற்றியது இதே சௌந்தர்யாதான்.

"நீயே தானேடி என்னைத் தூக்கினு போன," என்றாள் அம்சவேணி.

"ஆமா, தூக்கினேன். அதுக்கு நல்லா நன்றி காட்டற இப்ப," என்று சொல்லிவிட்டு சௌந்தர்யா தணிகைவேலைக் கூட்டி வந்தாள்.

அவர் வந்து ரிஜிஸ்டரைப் பார்த்தார். அவருக்கு இரண்டு துண்டு தெரிந்தது, டேப் தெரிந்தது. "முழுசா தானே இருக்கு? இன்னா பிரச்சனை?"

"இது என்னுது இல்ல சார்."

"எல்லாரும் ஒத்துக்கறாங்க, நீங்க மட்டும் தனியா? திங்கட்கிழமை இன்னா சொன்னேன்? போய் கோட்டுல நில்லுங்க. கையெழுத்து போடறவரைக்கும் அங்கதான். போடாட்டி நாளையிலிருந்து கம்பெனிக்கு வர வேணாம்."

அம்சவேணி போய்க் கோட்டில் கட்டைவிரலை வைத்து நின்றாள். அவள் சம்பளத்தில்தான் ரோஷினி படிக்கிறாள். அதையும் அவள் நினைக்காமல் இல்லை. மணி ஒன்று. சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் டிபன் பாக்ஸோடு அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி, "நிக்கட்டும், பெரிய காந்தி," என்றாள். இன்னொருத்தி, "லோடு நின்னா ஞாயித்துக்கெழமையும் நம்மளத்தான் கூப்பிடுவான். இவளுக்கு இன்னா," என்றாள். அன்னம்மாள் தரையைப் பார்த்தபடி, நிற்காமல் தாண்டிப் போனாள்.

சாப்பாடு முடிந்ததும் தணிகைவேல் எல்லோரையும் மெஷினிலிருந்து எழுப்பிக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். ரிஜிஸ்டரை விரித்துப் பிடித்துக்கொண்டு, வரிசையின் ஒரு முனையிலிருந்து நடந்தார்.

"பாத்து சொல்லுங்க. ஊசி முழுசா இருக்கா, இல்லையா?"

ஒரு நாளைக்கு ஐம்பது தரம் அந்தக் கண்ணில் நூல் கோர்க்கிற பெண்கள் அவர்கள். இருட்டில் தடவிப் பார்த்தால்கூட எந்த நம்பர் ஊசி என்று சொல்வார்கள். ஒவ்வொருத்தியும் குனிந்து பார்த்தாள். பார்த்த அந்த நொடியே ஒவ்வொருத்திக்கும் தெரிந்தது.

"இருக்கு சார்."

"இருக்கு சார்."

"முழுசா இருக்கு சார்."

வரிசை நெடுக அதுவே. அன்னம்மாளிடம் வந்தபோது, "எனக்குக் கண்ணாடி மாத்தணும் சார், ஒண்ணும் சரியா தெரியல," என்றாள். காலையிலிருந்து நானூறு ஜோடியைப் பார்த்து, தையல் விட்டுப்போனதை எல்லாம் கண்டுபிடித்த கண் அது.

நான் அவர்களைக் குறை சொல்லவில்லை கண்ணுகளா. பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர வேண்டிய பிள்ளை ஒருத்திக்கு, படுக்கையில் கிடக்கிற மாமியார் ஒருத்திக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவர்களுக்குச் சொந்தம். ஆனால் "இருக்கு சார்" என்று ஒவ்வொரு குரலும் சொன்னபோது, அது அம்சவேணியின் கன்னத்தில் விழுந்தது போலத்தான் இருந்தது. அன்னம்மாளுடையதையும் சேர்த்து எழுபத்தொன்பது அடி. கால் மரத்துப்போயிருந்தது, இருந்தும் அவள் விரலைக் கோட்டிலிருந்து எடுக்கவில்லை. ரோஷினி சொன்ன குத்துச்சண்டைக் கதை அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

மணி மூன்றரை. சௌந்தர்யா ரிஜிஸ்டரோடு வந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம், முகத்துக்கு முகம் நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

"என் பொழப்புல மண்ணப் போடணும்னுதானே இவ்ளோ நாள் பக்கத்துல உக்காந்துனு வந்த? நான் சூப்பர்வைசர் ஆனது உனக்கு எரியுது. சொல்லிடு, எரியுதுன்னு சொல்லிடு."

"புக்க குடு," என்றாள் அம்சவேணி. "கையெழுத்துதானே? போடறேன்."

ஹால் முழுக்க மூச்சு விட்டது. அம்சவேணி ரிஜிஸ்டரைக் கையில் வாங்கி, நின்றபடியே எழுதினாள். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தணிகைவேல் புன்னகையோடு வாங்கிப் படித்தார். டேப்புக்குக் கீழே இருந்தது இது:

இந்த ஊசியில் ஒன்றரைக் கண் இருக்கிறது. நான் தைத்த ஊசிக்கு ஒரு கண். அதன் நுனி கிடைக்கவில்லை. அம்சவேணி.

தணிகைவேல் அப்போதுதான் ஊசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். விரலால் தொட்டு எண்ணினார். பக்க எண்ணைப் பார்த்தார். பிறகு திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தார்.

"பாய், ஊசிக்கு எத்தனை கண்ணு?"

சர்தார் பாஷா காந்தத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "நான் பொறந்ததுலேர்ந்து ஒண்ணுதான் சார்."

கன்டெய்னர் கிளம்பவில்லை.

இனிமேல்தான் அம்சவேணிக்கு நிஜமான தண்டனை. வேலையைத் தாமதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, மூன்று நாளில் பதில் தர வேண்டும். அது காகிதம்தான். அன்று மாலை பஸ்ஸில் சௌந்தர்யா வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு வந்த பெண்கள்கூட அம்சவேணி பக்கத்து இடத்தில் உட்காரவில்லை. வாணியம்பாடி தாண்டும்வரை அந்தச் சீட் காலியாகவே ஆடிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் வாசலில் அவள் செருப்பு ஒன்று இங்கே, ஒன்று குழாயடியில். தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும்.

வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளும் எல்லோரும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு ஷூவையும் விரலால் பிசைந்து பிசைந்து தேடினார்கள். ஞாயிறன்று அன்னம்மாள் வாய்விட்டே சொன்னாள். "நாப்பது வருசமா ஒரு ஞாயிறு கோயில் தப்புனதில்ல. இவளால தப்பிப் போச்சு. ஆண்டவருக்கு நான் இன்னா பதில் சொல்றது? ஊசி தேடினு இருந்தேன்னா?"

அம்சவேணி அடுத்த ஷூவை எடுத்தாள். அவளும் தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கவே கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். குப்பையில் போயிருக்கும், இவள்தான் ஊரைக் கூட்டினாள் என்பார்கள். மெமோவுக்குச் சொல்ல ஒரு பதிலும் இருக்காது, வேலையும் அதோடு முடிந்துவிடும்.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி. அடுத்த மேஜையில் சௌந்தர்யா கையை உதறினாள். சத்தம் போடவில்லை. நடுவிரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். கையில் இருந்தது நீல நிறத்தில் ஒரு சின்ன ஷூ, இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆகும். கணுக்கால் படுகிற இடத்தில் மெத்தென்று பஞ்சு வைத்துத் தைத்திருப்பார்களே, அதற்குள்ளிருந்து ஊசி நுனி எட்டிப் பார்த்தது.

அவள் நினைத்திருந்தால் அதை வாய்க்குள் போட்டு, வெளியே போய்த் துப்பியிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. அம்சவேணியைத் தவிர. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சௌந்தர்யா எழுந்து போய் ரிஜிஸ்டரை எடுத்து வந்தாள். பழைய டேப்பைப் பிரித்தாள். பாதிக் கண்ணுக்குக் கீழே பாதிக் கண்ணை வைத்தாள். இரண்டும் பொருந்தின. புது டேப்பை அழுத்தும்போது அவள் விரல் ரத்தமும் கொஞ்சம் பக்கத்தில் பட்டது.

"கையெழுத்து போடு," என்றாள்.

அம்சவேணி போட்டாள்.

"இதுக்காக நான் பேசுவேன்னு நெனைக்காத. பஸ்ல என் பக்கத்துல உக்காராத," என்று சொல்லிவிட்டு சௌந்தர்யா ரிஜிஸ்டரை மூடினாள்.

திங்கட்கிழமை காலை மணி அடித்தது. எல்லோரும் கோட்டுக்கு வந்தார்கள். போர்டில் ஒன்றும் எழுதவில்லை. மெமோவுக்கான பதிலைத் தணிகைவேல் கேட்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். அவர் எடுத்த போட்டோவில் அன்றைக்கு இரண்டு ஓட்டை. அம்சவேணியின் கால்களுக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் நிற்கிற இடம் காலி. சென்னை ஆபீசில் யார் அதைக் கவனிக்கப்போகிறார்கள்.

அன்னம்மாள் தாமதமாக, மூச்சு வாங்க வந்தாள். வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள். வந்து அம்சவேணிக்கு வலப்பக்கம், காலி இடத்தில் கட்டைவிரலை வைத்து நின்றாள்.

"வேற எடம் இல்ல, அதான்," என்றாள், அவள் முகத்தைப் பார்க்காமலே.

"தெரியும்கா," என்றாள் அம்சவேணி.

இடப்பக்கம் அன்றைக்குக் காலியாகவே இருந்தது.

இவ்வளவுதான் கண்ணுகளா கதை. எழுந்து போகும்போது பார்த்து நடங்கள். காலையில் உங்கள் வாசலில் இருந்து கிளம்பிய செருப்புகள் எல்லாம் சாயங்காலம் ஜோடி குறையாமல் வீடு திரும்பட்டும். உங்கள் பிள்ளைகள் கால் வைக்கிற இடமெல்லாம் மெத்தென்று இருக்கட்டும். பஸ்ஸில் உங்கள் பக்கத்துச் சீட் என்றைக்கும் காலியாகப் போகாதிருக்கட்டும். அப்படிக் காலியாகப் போகிற நாள் ஒன்று வந்துவிட்டாலும், உங்கள் வீட்டில் விளக்கை ஏற்றி வைத்து, சோற்றை மூடி வைத்து, உங்களுக்காக ஒருவர் விழித்திருக்கட்டும்.